சிறைப்பட்டோர் உரிமையும் சர்க்கார் பொறுப்பும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூராகிய கோட்டைப்பட்டினத்தினின்று மீன்பிடிக்கச் செல்வோர், எல்லை கடந்தனரென்று இலங்கைக் கடற்படையாராற் பிடிக்கப்பட்டுச் சிறை வைக்கப்படுதல் பன்முறை நிகழ்ந்துள்ளது. அச்செய்தி கேட்ட வீட்டார் முதலில் வினவுவது, எப்பொழுது விடுவர் என்பதே. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனையடுத்த வினாவாகும். சிறைப்பட்டவனுக்கு எஞ்சி நிற்கும் உரிமை யாது? அதனை மீறிய உத்தியோகஸ்தர் யாருக்கு விடை கூறக் கடவர்?

சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்தரத்தையும் பறித்தலாகாதென்பது நமது அரசியற் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. 'குடிகள்' என்னாது 'எவரும்' என்றமை நோக்கத்தக்கது. இலங்கை அரசியற் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அவ்வாறே அமைந்தது. ஆதலின், கைதின் காரணம் அறிவிக்கப்பெறுதலும் நீதிபதிமுன் கொணரப்பெறுதலும் அயல்நாட்டு மீனவர்க்கும் உரியனவாம்.

உரிமை ஏட்டில் இருத்தல் வேறு. அதனை மீறியவரிடம் ஈடு பெறுதல் வேறு. பின்னது நம் நாட்டில் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1947-ல் மீரத்துப் போலீஸார் ஒரு வியாபாரியைப் பிடித்து, அவரிடமிருந்த பொன்னைக் கைப்பற்றினர். அதனைக் காவல்புரிந்த தலைமைக் காவலரோ, அதனை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிப்போயினர். 1964-ல் அவ்வழக்கைத் தீர்த்த சுப்ரீம் கோர்ட்டார், கைது செய்தலும் கைப்பற்றுதலும் அரசின் இறைமைத் தொழிலாதலின் சர்க்கார் ஈடு கொடுக்க வேண்டுவதில்லை என்றனர். பொன்னோடு பொறுப்பும் போயிற்றுப் போலும்!

இந்நிலையை மாற்றியது ருதுல் ஷா என்னும் பீகார்வாசியின் வழக்கு. இவர் குற்றமற்றவரென 1968 ஜூன் 3-ல் முசபர்பூர் செஷன்ஸ் கோர்ட்டாரால் விடுதலை செய்யப்பெற்றார். சிறைக்கதவு திறந்ததோ 1982 அக்டோபர் 16-ல். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை ஏன் அடைத்து வைத்தீரென்று கேட்க, அவர் சித்தசுவாதீனமற்றவரென்று சிறையதிகாரி விடையிறுத்தனர். அதற்குத் தக்க ஆதாரம் காட்டினாரல்லர். விடுவிக்குமாறு மட்டும் ஆணையிட்டு அமையின் உரிமைக்குப் பொருளில்லையெனக் கண்ட பிரதம நீதிபதி சந்திரசூட், 1983-ல், முன்னர்க் கொடுத்த ரூபாய் 5,000 நீங்கலாக ரூபாய் 30,000 கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். இஃது இடைக்கால உதவியே என்றும், சர்க்கார்மீதும் தவறிய உத்தியோகஸ்தர்மீதும் சிவில் வழக்குத் தொடுக்கத் தடையில்லை என்றும் விளக்கினார். இழந்த யாண்டுகளுக்கு அத்தொகை எம்மட்டு என்று நாம் கேளாதிருத்தல் இயலாது.

பத்தாண்டின் பின் மற்றொரு படி ஏறினோம். ஒரிஸ்ஸாவில் போலீஸ் காவலிலிருந்த இளைஞனொருவன் இருப்புப்பாதையில் பிணமாய்க் கிடந்தான். அவன் தாய் நீலாவதி பேஹரா எழுதிய கடிதத்தையே மனுவாகக் கொண்டு, 1993-ல் சுப்ரீம் கோர்ட்டார் ரூபாய் 1,50,000 அளித்தனர். அடிப்படையுரிமை மீறப்பட்டவிடத்து இறைமை என்னும் கேடயம் செல்லாதென்பது அத்தீர்ப்பின் முடிபு.

சிவில் வழக்கு வேண்டுவோர் காலத்தை மறத்தலாகாது. சர்க்கார்மீதோ, கடமை பற்றி உத்தியோகஸ்தர்மீதோ வழக்கிடுமுன் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தல் வேண்டும். முறைகேடான சிறைவைப்புக்கு ஈடு கேட்பதாயின், விடுதலையான நாள்முதல் ஓராண்டே தவணை. கடலுக்கு அப்பாலோ தவணை இன்னும் குறுகியது: இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டில் அடிப்படையுரிமை மனுவை ஒரு மாதத்துள் இடல் வேண்டும். ஆயினும், ஈட்டில் ஒரு பகுதியைத் தவறிய உத்தியோகஸ்தரே தம் கைப்பொருளினின்று செலுத்துமாறு அக்கோர்ட்டார் பன்முறை விதித்துள்ளனர்.