நிறைந்த தொட்டியும் நின்ற எஞ்சினும்

உழவுப் பருவத்தில் டிராக்டர் பழுதாகி நின்றுவிடுவது குடியானவருக்குத் துன்பந்தான். ஆயினும், அடியோடு பழுதான யந்திரத்தைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வாடகைக்கு வேறொன்றைத் தேடிக் கொள்ளலாம். அரைமணி நேரம் ஓடி நிற்பதும், சற்றே ஓய்ந்தபின் ஒன்றும் நடவாதது போல் கிளம்புவதும், மறுபடி நிற்பதுமாக இருக்கும் எஞ்சின் அப்படிப்பட்டதன்று. அதை நம்பவும் முடியாது. கைவிடவும் மனம் வராது. இத்தகைய ஓயாத கோளாறு ஒன்றையும், அதன் காரணம் வெளிப்பட்ட விதத்தையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் சிறு டிராக்டரின் தேவை நாளுக்கு நாள் மிகுந்து வருகிறது. 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டிலோ அது 0.75 ஹெக்டேர் மட்டுமே. துர்க்காப்பூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1974-ல் விற்பனைக்கு வந்த ஸ்வராஜ் டிராக்டர், உள்நாட்டு ஆராய்ச்சியின் பயன் குடியானவரின் வயலை எட்டியதற்குச் சிறந்ததோர் சான்றாகும். அதனினும் சிறிய, 15 குதிரைத் திறன் அளவிலான டிராக்டர்கள் இப்போது சிறு நிலங்களில் பரவியுள்ளன. இவற்றை வாங்குவோரில் பலருக்கு அதுவே ஒரே யந்திரம். மாற்று யந்திரம் கிடையாது.

என் மைத்துனர் அத்தகையோருள் ஒருவர். ஓசூர் வட்டாரத்தில் நாலரை ஏக்கரில் கேழ்வரகும் அவரையும் பயிரிடுகிறார். ஒற்றைச் சிலிண்டர் உடைய பழைய டிராக்டர் ஒன்றைக் கடன் பெற்று வாங்கி, தம் நிலத்தை உழுதபின் அக்கம் பக்கத்து நிலங்களையும் கூலிக்கு உழுது, அந்த வருவாயில் தவணையைக் கட்டி வந்தார். 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அந்த எஞ்சின் நிற்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடெங்கும் மழை பெரிதும் பொய்த்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெய்த ஒன்றிரண்டு மழையின் ஈரம் காயுமுன் உழுது விதைத்தவருக்கே கேழ்வரகு. என் மைத்துனரின் டிராக்டரோ ஈரமான நிலத்தின் நடுவில் நின்று கொண்டிருந்தது. அவரை நம்பியிருந்த அயலார் இருவர் வேறு வண்டியைத் தேடிப் போயினர்.

பட்டறையில் சொன்னது, "எஞ்சின் காற்று எடுக்கிறது" என்பது. டீசல் செல்லும் குழாய்களில் காற்றுக் குமிழ் புகுந்து வழியை அடைப்பதைக் குறிக்கும் இந்தச் சொல், கலைச்சொல் அகராதிகளில் நாங்கள் வருந்திச் சமைக்கும் தொடர்களைக் காட்டிலும் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வடிகட்டி மாற்றப்பட்டது. குழாய் இணைப்புகளின் செப்பு வளையங்கள் மாற்றப்பட்டன. பீச்சுக்குழல் சரிபார்க்கப்பட்டது. பம்பு இருமுறை பிரித்துப் பூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் பட்டறையில் நன்றாக ஓடியது, வயலில் நின்றது. முடிவில், சிலிண்டரையே கடைந்து புதிய பிஸ்டன் போட வேண்டும் என்றனர். அதற்காகும் செலவு அந்த ஆண்டின் விளைச்சலுக்கு ஈடானது.

எஞ்சினைக் கழற்றச் சம்மதிக்குமுன், பம்பை மட்டும் ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டு, முன்யோசனையாக வாங்கியிருந்த வேறொரு பழைய பம்பையும் எடுத்துக் கொண்டு, பெங்களூர் நீலசந்திராவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

அவர் எங்கள் பகுதியை நாடி வந்ததற்குக் காரணம் உண்டு. டீசல் பம்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் நெடுநாளைய உறவு. ருடால்ப் டீசல் தம் எஞ்சினை 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். ஆனால் அது வண்டிகளில் ஏறத்தக்க அளவுக்குச் சிறுத்தது, 1927-ல் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் தொழிற்சாலை நுண்ணிய எரிபொருள் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே. அந்நிறுவனத்தின் தொடர்பால் 1951-ல் நம் நாட்டில் அமைக்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைகோ, நீலசந்திராவை அடுத்த ஆடுகோடியில் பம்புகளையும் பீச்சுக்குழல்களையும் செய்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிய பின்னும், முதியோர் வாயில் அது மைகோவாகவே இருக்கிறது. பம்பு வேலை அறிந்த கைகள் இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு சிறு பட்டறையில், பம்புத் தொழிலில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டி, வெளிவரும் எண்ணெயின் அளவைக் குறித்துக் கொண்டார். பம்பில் குறை இல்லை என்றார். பிறகு பம்பை ஓரமாக வைத்துவிட்டு மைத்துனரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை நிமிடத்தில் நிற்கிறது? அப்போது தொட்டியில் எவ்வளவு டீசல் இருக்கிறது? நின்றவுடன் முதலில் என்ன செய்கிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு மைத்துனர் சற்றுத் தயங்கினார். தொட்டி நிறைய டீசல் ஊற்றினால் கால்மணி நேரத்தில் நிற்கிறது என்றும், பாதித் தொட்டியானால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுகிறது என்றும் சொன்னார். இதை முந்திய பட்டறையில் சொன்னபோது சிரித்தார்களாம். அதனால் பிறகு சொல்வதில்லையாம். மூன்றாவது கேள்விக்கு விடை எளிது: நின்றவுடன் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வருமா, தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

வரும் என்றார் மைத்துனர்.

அந்தச் சத்தத்தின் பொருளை அறிய, டீசல் செல்லும் வழியைச் சற்றே நோக்குவோம். தொட்டியிலுள்ள டீசலை ஊட்டும் பம்பு இழுத்து, வடிகட்டியின் வழியே பீச்சும் பம்புக்கு அனுப்புகிறது. பீச்சும் பம்பு அதைச் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்துக்கு உயர்த்திப் பீச்சுக்குழலின் நுண்துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் புகையெனத் தூவுகிறது. அளவு எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். மணிக்கு 2 லிட்டர் டீசல் செலவாகி, நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின், ஒரு மணி நேரத்தில் 60,000 முறை டீசலைப் பீச்சுகிறது. ஒரு முறைக்கு வருவது சுமார் 33 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு நீரைக் காட்டிலும் குறைவு. இவ்வளவு சிறிய அளவில் கடுகளவுக் காற்று இரண்டு மூன்று கலந்தாலும் போதும். திரவம் சுருங்காது, காற்றோ வில்போல் சுருங்கிக் கொடுக்கும். பம்பின் வீச்செல்லாம் குமிழை அமுக்குவதிலேயே கழிந்து, பீச்சுக்குழல் திறவாமல் போய்விடும். எஞ்சின் நின்றுவிடும்.

ஆகவே காற்று எடுக்கிறது என்று பட்டறையினர் கூறியது பொய்யன்று. அக்காற்று ஏன் புகுந்தது என்பதே கேள்வி.

தொட்டியிலிருந்து டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். இதற்காகவே தொட்டி மூடியில் ஊசி முனையளவு மூச்சுத் துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்தே இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். விரியும் காற்றின் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும் என்பது 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. பள்ளியில் நாம் நெட்டுருப் போட்ட அந்த விதியை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

தொட்டி 15 லிட்டர் கொள்ளும் என்க. ஏறக்குறைய நிறைய ஊற்றினால், மேலே 2 லிட்டர் காற்று இருக்கும். அரை லிட்டர் டீசல் செலவானதும் காற்றின் பரிமாணம் இரண்டரை லிட்டர் ஆகிறது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மணிக்கு 2 லிட்டர் செலவு என்றால், இதற்கு ஆகும் நேரம் 15 நிமிடம். பாதித் தொட்டியானால் மேலே இருப்பது சுமார் 8 லிட்டர் காற்று. அதன் அழுத்தம் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைய அது 10 லிட்டராக விரிய வேண்டும். அதாவது 2 லிட்டர் டீசல் செலவாக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மைத்துனர் சொல்லக் கூசிய விந்தை வெறும் கணக்குத்தான்.

ஐந்தில் ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் இரண்டரை மீட்டர் உயர டீசல் கம்பத்துக்கு நிகர். சிறிய ஊட்டும் பம்பு, ஆள் உயரத்தினும் ஆழமான கிணற்றிலிருந்து டீசலை இறைப்பது போன்ற நிலைக்கு ஆளாகிறது. அவ்வாறு வலிந்து இழுக்கும்போது, சாதாரணமாகக் கசியாத இணைப்புகளின் இடுக்குகளினூடே வெளிக்காற்று உள்ளே புகுகிறது. இணைப்புகளை எவ்வளவு இறுக்கினாலும் நோய் திரும்பியதன் காரணம் இதுவே. பட்டறையில் நோய் தென்படாததற்கும் காரணம் எளிதே: எவரும் முதலில் மூடியைத் திறந்தே சோதனையைத் தொடங்கினர். திறந்த கணமே உஸ்ஸென்று காற்று உட்புகுந்து அழுத்தம் சமநிலைப்பட்டுவிடும். நோயாளி மருத்துவரின் வாசலை மிதித்ததும் நலமாகிவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்!

மூச்சுத் துளை எவ்வாறு அடைபட்டது? 2022-ஆம் ஆண்டு மழையில் தொட்டிக்குள் நீர் இறங்கி, பீச்சுக்குழல் துருப்பிடித்தது. டீசலில் நீர் புகாமல் காக்க வேண்டும் என்று பட்டறையினர் அறிவுறுத்தினர். அறிவுரை முற்றிலும் சரியானதே. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தமையால், உரச் சாக்கின் உட்பையிலிருந்து வெட்டிய தடித்த பாலிதீன் தாளை இரண்டாக மடித்து மூடிக்கு அடியில் வைத்துத் திருகி வந்தார் மைத்துனர். நீர் நின்றது, காற்றும் நின்றது. பெரியவர் இதைக் கேட்டுப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோதனை மேடைக்கு உரிய சிறு தொகைக்கு மேல் வாங்கவில்லை.

இக்குறை வேறு வண்டிகளிலும் நேர்வதுண்டு. தூசும் எண்ணெயும் கலந்த சேறு துளையை மூடுவது சாதாரணம். மூடி தொலைந்தபின் கிடைத்த வேறு மூடியைத் திருகுவதும் அவ்வாறே. ஐயம் எழுந்தால் சோதிப்பது எளிது. நின்றவுடன் வேறெதையும் தொடாமல் மூடியை மெல்லத் தளர்த்திச் செவி கொடுக்க வேண்டும். மறுமுறை மூடியை அரைத் திருகு தளர்த்திய நிலையில், மழையும் புழுதியும் இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்கவில்லையெனில் குற்றவாளி மூடியே. மூடியைத் தளர்த்தியும் நிற்குமானால், தொட்டியின் அடியில் குழாய் தொடங்கும் இடத்தில் சருகோ துணி நூலோ அடைத்திருக்கலாம். எஞ்சின் ஓய்ந்ததும் அது விலகி மிதந்து, ஓடியதும் திரும்ப வந்து ஒட்டும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். பாதித் தொட்டியோடு இரவில் நிற்கும் வண்டியில், குளிர்ந்த தொட்டிச் சுவரில் காற்றின் ஈரம் பனித்து டீசலுக்கு அடியில் தங்குகிறது. பீச்சும் பம்பின் தண்டுக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அங்கே துருவுக்கு இடமில்லை. ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்புவதும், காலையில் வடிகட்டிக் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடிப்பதும் நல்ல வழக்கங்கள். காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தை உழவுக் காலத்தில் நாள்தோறும் பார்க்க வேண்டும். அதைப் புறக்கணித்தால் சிலிண்டர் உண்மையாகவே தேய்ந்து, கடைசலும் உண்மையாகவே தேவைப்படும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகக் கூற வேண்டியிருக்கிறது. ஓடும் பீச்சுக்குழலின் முன்னே விரலை வைத்துப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அத்தனை அழுத்தத்தில் வரும் டீசல் தோலை ஊடுருவிச் சதைக்குள் புகும். புண் ஊசித் துளையளவே தோன்றினாலும் விரலை இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் வலி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டிராக்டர்களைச் சோதிக்கவும் உழவருக்குப் பயிற்சி அளிக்கவும் மத்திய அரசு மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், நம் தென்னகத்தில் அனந்தப்பூரை அடுத்த கார்லதின்னேயிலும் நிலையங்களை நடத்தி வருகிறது. டிராக்டர் உடையோர் இப்பயிற்சிகளைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

அந்த ஆண்டு மைத்துனர் தம் நிலத்தில் பாதியை மட்டுமே விதைக்க முடிந்தது. தவணை இரண்டு பிந்தியது. மூடிக்குப் புதிய ரப்பர் வளையம் போட்டு, மழைநீர் விழாதபடி அதன்மேல் கவிழ்ந்த தகரக் கிண்ணம் ஒன்றைத் தளர்வாகப் பொருத்தியிருக்கிறார். மூச்சுத் துளையை ஊசியால் குத்திப் பார்ப்பது இப்போது அவருடைய மகளின் காலை வேலை. முன்யோசனையாக வாங்கிய அந்தப் பழைய பம்பு, சாக்கில் சுற்றியபடியே நீலசந்திராவில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.