சூரிய சக்திச் சங்கத்தின் கௌரவ டைரக்டர்கள்

கூட்டுறவு இதழில் சூரிய வெளிச்சத்துக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும் மத்திய அரசின் குசும் திட்டம் 2019இல் தொடங்கியது முதல், கிணற்று மேட்டில் சோலார் பேனல் நிறுத்திய விவசாயிகளை நாம் சுற்றுப்பயணங்களில் அங்கங்கே காண்கிறோம். வீட்டுக் கூரைக்கான திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு நெசவாளர் குடியிருப்புகளிலும் இப்பேச்சு எழுந்திருக்கிறது. கூரையில் பேனல் வைத்து மின்வாரியக் கம்பியோடு இணைத்தவர் மின்சாரம் வாங்குபவராக மட்டும் இருப்பதில்லை. மிஞ்சியதைக் கம்பிக்குத் தருபவராகவும் ஆகிவிடுகிறார். தருகிறவனுக்கு என்ன விலை என்ற கேள்வி பிறந்த இடத்தில், அவன் சார்பாகப் பேச ஒரு சங்கமும் பிறக்கும். அச்சங்கத்தின் நிர்வாக சபையில் யாரை அமர்த்துவது என்பதுதான் நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

இத்துறையில் எழுபது ஆண்டு அனுபவம் உள்ள தேசம் அமெரிக்கா. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் செய்த சூரிய மின்கலத்தை உலகறியக் காட்டினர். தன்மீது விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. அதே 1954இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், சூரிய சக்தியை நடைமுறைக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு ஒரு சங்கம் தோன்றியது. அது 1963இல் சூரிய சக்திச் சங்கம் என்று பெயர் மாறி, 1970இல் தலைமையகத்தை ஆஸ்திரேலியாவுக்கு மாற்றி, 1971 முதல் சர்வதேச சூரிய சக்திச் சங்கமாக விளங்கி, 1995இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குடியேறியது. அமெரிக்கக் கிளையாகத் தோன்றிய அமெரிக்க சூரிய சக்திச் சங்கம் கொலராடோ மாநிலத்தில் பௌல்டர் நகரில் இயங்குகிறது. இச்சங்கம் இலாபம் பிரிப்பதில்லை. இதன் டைரக்டர்களை அங்கத்தினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். டைரக்டர்களுக்குச் சம்பளம் கிடையாது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் கூடி, சூரிய மின்சாரத்தால் நீர் இறைத்து, மிச்ச மின்சாரத்தை விநியோகக் கம்பெனிக்கு விற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 2016இல் அது வேலை தொடங்கியது. ஆறு பேர் கொண்ட சங்கத்தில் ஒருவர் அடுப்பில் என்ன வேகிறது என்பது மற்ற ஐவருக்கும் தெரியும். தேர்தல் அங்கே பெரிய பிரச்சினையன்று. ஒருவர் முகம் ஒருவர் அறியாத பல்லாயிரம் அங்கத்தினர் உள்ள சங்கத்தில்தான் அது பிரச்சினையாகிறது.

அமெரிக்கச் சங்கங்களில் பொதுவாகத் தேர்தல் நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம். காலியாகும் இடங்களுக்கு ஆள் தேட ஒரு நியமனக் குழு உண்டு. அக்குழுவை அமைப்பது பெரும்பாலும் பதவியிலிருக்கும் நிர்வாக சபையே. குழு முன்மொழியும் பெயர்கள் வாக்குச்சீட்டில் ஏறும். குழுவின் தயவு வேண்டாதவர், இத்தனை அங்கத்தினரின் கையொப்பம் என்று விதி குறித்த எண்ணிக்கையைத் திரட்டித் தாமாகவே நிற்கவும் பல சங்கங்களில் வழியுண்டு. வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு பக்க அறிக்கை எழுதுவார். வாக்கு தபாலிலோ கணினி வழியாகவோ வரும்.

இதில் ஒரு சூட்சுமம் உளது. ஐந்து இடத்துக்கு நியமனக் குழு ஐந்தே பெயர்களைத் தருமானால், வாக்காளர் செய்வது தேர்தலா, ஒப்புதலா? நம் பக்கத்தில் போட்டியின்றித் தேர்வு என்றால் மாலை போட்டுக் கொண்டாடும் வழக்கம் இருக்கிறது. ஊர் ஒற்றுமை என்று அதற்குப் பெயர் சூட்டுகிறோம். உண்மையிலேயே ஒற்றுமையால் வந்த போட்டியின்மையையும் நாம் கண்டிருக்கிறோம்; வேட்பு மனு வாங்கும் நாளை யாருக்கும் சொல்லாததால் வந்த போட்டியின்மையையும் கண்டிருக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கையொப்பம் திரட்டி நிற்கும் வழி திறந்திருப்பது நல்லதே. எனினும் அவ்வழியே யார் வருவர் என்பதற்கு 2004இல் நடந்த ஒரு தேர்தலை எடுத்துக்காட்டாகச் சொல்லவேண்டும். அது சூரிய சக்திச் சங்கத்தின் தேர்தலன்று. இயற்கைப் பாதுகாப்புக்காக 1892இல் தோன்றிய சியரா கிளப் என்ற பெரிய சங்கத்தினுடையது. அதன் நிர்வாக சபையில் 15 பேர். பதவிக்காலம் மூன்றாண்டு. ஆண்டுதோறும் ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். அங்கத்தினரோ ஏறத்தாழ 7,50,000 பேர். இவர்களில் பத்தில் ஒருவர் வாக்களித்தாலே பெரிது என்பது அதற்கு முந்தைய ஆண்டுகளின் நிலை.

இக்கணக்கைச் சற்றே போட்டுப் பாருங்கள். அங்கத்தினராகச் சேர்வதற்கு வேண்டுவது சிறு சந்தாத் தொகை. வாக்களிப்பவரோ சிலர். நிர்வாக சபையில் எட்டு இடங்கள் கிடைத்தால் பெரும்பான்மை. நூறாண்டு கண்ட சங்கத்தின் பெயரையும் பணத்தையும் வேறொரு காரியத்துக்குத் திருப்ப நினைப்பவர், புதிதாகச் சங்கம் காண்பதைவிட இருக்கிற சங்கத்தில் இரண்டு தேர்தல் நின்று பார்ப்பது எளிது. அவ்வாண்டு, தேசத்தில் வந்து குடியேறுவோர் தொகையைக் குறைக்கச் சங்கம் குரல் கொடுக்கவேண்டும் என்ற கருத்துடையோர், கொலராடோவின் முன்னாள் கவர்னர் ரிச்சர்டு லாம் உள்ளிட்டோர், கையொப்பம் திரட்டி நின்றனர். இப்பிரச்சினையில் சங்கம் எப்பக்கமும் சாராதிருக்கட்டும் என்று அங்கத்தினர் 1998இலேயே வாக்களித்து முடிவு செய்திருந்தனர். சங்கத்தை வெளியார் கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று முன்னாள் தலைவர்கள் பலர் எச்சரித்தனர்; அங்கத்தினராகிய நாங்கள் விதிப்படி நிற்பது எப்படிக் கைப்பற்றுதலாகும் என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அக்கேள்வியிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. முடிவில் 1,70,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. நியமனக் குழு நிறுத்திய ஐவரே பெரும் வித்தியாசத்தில் வென்றனர்.

சங்கத்தைக் காத்தது விதியன்று, அவ்வருஷம் வாக்களிக்க வந்தவர்களின் தொகையே. ஐந்தில் ஒருவருக்கு மேல் வந்ததற்கே அத்தனை பெருமை என்றால், வராத ஆண்டுகளில் என்னென்ன நடந்திருக்கும் என்று இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்ப்பவன் மனம் எண்ணிப் பார்க்காமல் இராது.

இனி, சூரிய சக்திச் சங்கங்களுக்கே உரிய சங்கடத்துக்கு வருவோம். இச்சங்கங்களில் சேர்கிறவர் யார்? கூரையில் பேனல் வைத்த வீட்டுக்காரர், ஆராய்ச்சியாளர், ஆசிரியர், மின்தொழிலாளி. இவர்களோடு பேனல் விற்பவர், பொருத்தித் தரும் கம்பெனிக்காரர், கடன் கொடுப்பவர். கடைசியில் சொன்னவர்களுக்குத்தான் விஷய ஞானம் அதிகம், கூட்டத்துக்கு வர நேரமும் அதிகம். சம்பளமில்லாப் பதவிக்கு அவர்கள் மனமுவந்து வருகிறார்கள். வருவதில் குற்றமில்லை. தறி தெரியாதவரைக் கொண்டு நெசவாளர் சங்கம் நடத்த முடியாததுபோல, தொழில் தெரியாதவரைக் கொண்டு இச்சங்கமும் நடத்த முடியாது.

ஆனால் கலிபோர்னியாவில் நேர்ந்ததைக் கவனியுங்கள். கூரை மின்சாரத்தைக் கம்பிக்குத் தருவோருக்குக் கிடைத்துவந்த மதிப்பை அம்மாநில ஆணையம் 2022 டிசம்பர் 15 அன்று மாற்றியமைத்தது. 2023 ஏப்ரல் நடுவிலிருந்து புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு அம்மதிப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துபோயிற்று. பேனல் இல்லாதவர் தலையில் கம்பிச் செலவு விழுகிறது என்றனர் மாற்றத்தை ஆதரித்தோர். சூரிய சக்தியின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்றனர் எதிர்த்தோர். பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் செலவிட்டால் புதிய முறையிலும் ஓரளவு பயன் உண்டாதலால், பாட்டரிக்கு மவுசு கூடியது. ஆகவே வெறும் பேனல் மட்டும் பொருத்துகிறவருக்கு ஒரு நலன், பாட்டரி விற்கிறவருக்கு வேறொரு நலன். முன்பே பேனல் வைத்துப் பழைய விகிதம் பெறும் வீட்டுக்காரருக்கு மூன்றாவது நலன். வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, சூரிய சக்தி நல்லது என்ற நம்பிக்கையால் மட்டும் சந்தா கட்டுகிறவருக்கு நான்காவது. இத்தகைய நாளில் சங்கம் ஆணையத்தின் முன் சென்று என்ன கேட்கவேண்டும்? அதைத் தீர்மானிப்பது நிர்வாக சபை. அச்சபையில் இந்நால்வரில் யார் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துச் சங்கத்தின் குரல் மாறும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு நெசவாளர் சங்கத்தின் பேரவைக்குச் சென்றிருந்தோம். சங்கத்துக்குச் சாயம் சப்ளை செய்துவந்தவர் ஒரு டைரக்டரின் மைத்துனர். விலையோ கடைவீதி விலையைவிடச் சற்றே கூடுதல். சாயத்தில் பழுதில்லை, பில்லில் திருத்தமில்லை. வாங்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அந்த டைரக்டரே என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் நாம் கண்டு குறித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து வயதான அம்மையார் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, அந்தத் தீர்மானம் போட்டபோது நீங்க வெளியே எழுந்து போனீங்களா?"

"அவர் என் மைத்துனர் என்கிறது ஊருக்கே தெரிஞ்சதுதானே, அக்கா?"

"ஊருக்குத் தெரியும் தம்பி. புத்தகத்திலே எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. நமக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகளையெல்லாம் அந்த அம்மையார் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். துணை விதிகளில் தடை இருக்கலாம். ஆனால் தடை தானே எழுந்து நின்று பேசாது.

அமெரிக்கர்கள் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது. இலாபம் பிரிக்காத சங்கங்களில் பல, ஆண்டுதோறும் வருமான வரி இலாகாவுக்கு 990 என்ற எண்ணுள்ள படிவம் அனுப்பவேண்டும். அப்படிவத்தை யார் கேட்டாலும் காட்டவேண்டும். சொந்த நலன் குறுக்கிடும்போது டைரக்டர் என்ன செய்யவேண்டும் என்று எழுத்து மூலமான விதி உண்டா என அதில் ஒரு கேள்வி. சபையில் எத்தனை பேர் சார்பற்றவர் என்பது இன்னொரு கேள்வி. சம்பளம் பெறாத டைரக்டர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவர் சராசரியாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சங்க வேலை பார்த்தார் என்றும் எதிரே குறிக்கவேண்டும். நம் சங்கங்களில் இப்படி ஒரு பத்தி வைத்தால் எத்தனை பேர் பெயருக்கெதிரே பூஜ்யம் விழும் என்று நாம் கணக்கிடப் போவதில்லை. நமக்கு இந்த வட்டாரத்திலேயே இன்னும் பல வருஷம் உத்தியோகம் பார்க்கவேண்டியிருக்கிறது.

கௌரவ ஊழியருக்குப் பாதுகாப்பும் உண்டு. 1997இல் இயற்றிய ஒரு சட்டப்படி, இத்தகைய சங்கத்துக்காக ஊதியமின்றி உழைப்பவர் சாதாரணக் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்குச் சொந்தச் சொத்திலிருந்து ஈடு கட்டவேண்டியதில்லை. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும், பெருத்த அலட்சியத்துக்கும், மோட்டார் வண்டி ஓட்டி நேர்ந்த விபத்துக்கும் அச்சட்டம் துணை வராது. நிர்வாக சபை அறிந்திருக்கவேண்டிய இன்னொன்று, நன்கொடைக்கு வரிச்சலுகை பெறும் இச்சங்கங்கள் பொதுத் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது. சட்டமன்றத்தாரிடம் ஒரு மசோதாவுக்காக வாதாடலாம், அதற்கும் வரம்புண்டு. 1976இல் வந்த விதியை ஏற்ற சங்கமாயின், ஆண்டுச் செலவின் முதல் 5,00,000 டாலரில் 20 சதவீதம் வரை அவ்வேலைக்குச் செலவிடலாம். உற்சாகம் மிகுந்த புது டைரக்டர் இதை அறியாமல் மேடையேறினால் சங்கத்தின் சலுகையே பறிபோகக்கூடும்.

நமக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம் ஒன்றும் அங்கு இருக்கிறது. டைரக்டர் ஆகிறவர் ஆண்டுக்கு இவ்வளவு டாலர் தாமே தரவேண்டும், அல்லது பிறரிடம் திரட்டித் தரவேண்டும் என்று பல சங்கங்கள் எதிர்பார்க்கின்றன. சங்கம் நடக்கப் பணம் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் இவ்விதியால் சபையின் வாசற்படி உயர்ந்துவிடுகிறது. மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் மின்தொழிலாளி, வேட்புமனுவின் அந்த வரியைப் படித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடுவார். 1844இல் ராக்டேல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் கூடிக் கடை வைத்தபோது, பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு என்று கொண்டது இந்த வாசற்படியைத் தரைமட்டமாக்கத்தான்.

வேட்பாளர் அறிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் படித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பட்டங்களையும் பதவிகளையும் பாராட்டுகளையும் அடுக்குகின்றன. சூரிய சக்தியின்பால் தமக்குள்ள தீராத ஆர்வத்தைத் தெரிவிக்கின்றன. இவற்றை ஒருவரும் மறுக்கப் போவதில்லை. வாக்காளருக்கு வேண்டியது வேறு. இவருடைய வருமானத்தில் எவ்வளவு பேனல் வியாபாரத்திலிருந்து வருகிறது? மின் கம்பெனியிடமிருந்து வருகிறதா? சங்கத்துக்குப் பொருளோ சேவையோ விற்கிறவர்களில் இவருக்கு உறவினர் உண்டா? சென்ற பதவிக்காலத்தில் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எத்தனை தீர்மானத்தின்போது எழுந்து வெளியே போனார்? அரைப்பக்கத்துக்கு மேல் பிடிக்காத கேள்விகள் இவை. வேட்புமனுவோடு அச்சிட்டு அனுப்பலாம். பதிலை வாக்குச்சீட்டோடு வைத்து அங்கத்தினர் வீட்டுக்குச் சேர்ப்பிக்கலாம். அதற்கு ஆகும் தபால் செலவு, சாய பில்லில் நாம் அன்று கண்ட வித்தியாசத்தைவிடக் குறைவு.