திட்டு யார் தலையில?

ரிசல்ட் அன்னிக்கு நம்ம மாவட்டம் எத்தனாவதுன்னு தேடுவீங்கதானே? 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் பெரம்பலூர் 97.67 சதவிகிதத்தோட மாநில முதலிடம். 2024-ல் 97.31 வாங்கி அரியலூர் முதலிடம். 2025 பிளஸ் டூவிலும் அரியலூர்தான், 98.82! 2007-ல் தனிக்குடித்தனம் போன அண்ணன், தம்பி மாவட்டங்கள் கலக்குதுங்க.

சரி, இந்த சதவிகிதம் ஸ்டாஃப் ரூமை என்ன பண்ணும் தெரியுமா? ரிசல்ட் இறங்கினா மீட்டிங்கில் ஹெச்.எம்.தான் பதில் சொல்லணும். வாங்கின திட்டை அப்படியே கொண்டுவந்து டீச்சர்ஸ் தலையில் கொட்டலாம். 'அதை நான் பார்த்துக்கறேன், நீங்க கிளாஸுக்குப் போங்க'ன்னும் சொல்லலாம். ஒரு வாத்தியாருக்கு வேலை மேல இருக்கிற பிடிப்பு, இந்த ரெண்டுல எது நடக்குதுங்கிறதுலதான் இருக்கு.

நான் படிச்ச பள்ளியில் ஒரு வருஷம் கணக்கு ரிசல்ட் இறங்கிடுச்சு. எங்க ஹெச்.எம். ப்ரேயர்ல யாரையும் குத்திக்காட்டலை. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸுக்கு அவரே வந்தார். மெல்லக் கற்கும் பசங்களோட பெஞ்சுல உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்டார். அடுத்த வாரமே மத்த டீச்சர்ஸும் தங்க ஆரம்பிச்சாங்க. சர்க்குலரே போகலை!

இப்ப நாம காலேஜ். சிம்போசியம் கமிட்டி, டிபார்ட்மென்ட் செகரட்டரின்னு நமக்கும் பதவி வரும். ஸ்பான்சர் கிடைக்கலைன்னு ஜூனியரைக் காய்ச்சக் கிளம்புறீங்களா? ஒரு நிமிஷம் அந்தப் பெஞ்சை நினைச்சுக்கோங்க!