சத்தம் போட்டால் பனி சரியுமா?

சினிமாவில் பார்த்திருப்பீங்க, பனிமலையில் ஒருத்தர் கத்தினதும் மொத்தப் பனியும் சரிஞ்சு வரும். நிஜத்தில் அப்படி நடக்குமா?

நடக்காதுங்க! மனுஷக் குரலுக்கு அந்த பலம் கிடையாது. சுவிட்சர்லாந்தில், டாவோஸ் நகரத்துப் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையமும் இதைத்தான் சொல்லுது.

ஆபத்து காலடியில்தான் இருக்கு. மேலே கெட்டிப்பனி, அதுக்கு அடியில் சர்க்கரை மாதிரி உதிரி உதிரியா ஒரு பனிப்படலம். செங்குத்தான சரிவில் ஒரே ஒரு ஆளோட எடை அந்தப் படலத்தை நொறுக்கினாலும் போதும், மேலே இருக்கிற பனி பாளமா உடைஞ்சு வழுக்கி இறங்கிடும். உயிரைப் பறிக்கிற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, அதில் மாட்டினவங்களோ கூடப் போனவங்களோ மிதிச்சதால் கிளம்பினவைதான்.

அதனால, பனியில் நடக்கும்போது காலுக்கடியில் 'தொம்'னு அமுங்குற சத்தம் கேட்டா, சரிவான இடத்தை விட்டு உடனே விலகிடுங்க!