ஷஜராவில் இடம்பெறாத பெண்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் தோல் வணிகத்தால் தழைத்த குடும்பங்கள் பல, தம் வம்சாவளியை 'ஷஜரா' என எழுதிப் பாதுகாத்து வருகின்றன. அண்மையில் நம் மாணவர் ஒருவர் அத்தகைய ஷஜரா ஒன்றை நம்மிடம் காட்டினார். ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள் பட்டங்களோடும் ஹிஜ்ரி ஆண்டுகளோடும் அதில் அழகுற எழுதப்பட்டிருந்தன. பெண்களைப் பற்றியோ, 'அஹ்லியா', 'ஒரு மகள், வாணியம்பாடியில் கொடுத்தது' என்ற குறிப்புகளே இருந்தன. அம்மகளின் பெயர் என்னவென்று கேட்டோம். வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

பெண்களின் பெயரை அந்நியர் அறியலாகாது என்ற நாணவுணர்வே இவ்வழக்கத்திற்குக் காரணம். அவ்வுணர்வை நாம் குறைகூறவில்லை. ஆயினும் நம் முன்னோர்களான அறிஞர்கள் வரலாறு எழுதிய முறை இதுவன்று. இப்னு ஸஅத் (வஃபாத் ஹிஜ்ரி 230) தம் 'தபகாத்' நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்கினார். இமாம் ஸகாவி (வஃபாத் ஹிஜ்ரி 902) தம் 'அள்ளவ்உல் லாமிஃ' நூலின் 12ஆம் பாகம் முழுவதிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வரலாற்றைப் பதிந்தார்.

தந்தை பெயரின் பயன்

நபி(ஸல்) அவர்களின் துணைவியருள் ஸைனப் என்னும் பெயருடையோர் இருவர். ஒருவர் குஸைமாவின் மகள். மற்றவர் ஜஹ்ஷின் மகள். 'நபியின் மனைவி ஸைனப்' என்று மட்டும் எழுதினால் யாரைக் குறித்ததென்று அறிய இயலாது. தந்தை பெயரே இருவரையும் பிரித்தறியச் செய்கிறது. உம்மு ஸலமா(ரலி) அவர்களின் இயற்பெயர் ஹிந்த் பின்த் அபீ உமய்யா. 'உம்மு ஸலமா' என்பது முதற்கணவர் அபூஸலமா(ரலி) வழிப் பிறந்த மகன் பெயரால் வந்த குன்யத். மறுமணத்திற்குப் பின்னும் அது மாறவில்லை. கணவர் மாறலாம், தந்தை மாறுவதில்லை.

அவரவர் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு பணிக்கும் இறைவசனம் (33:5) வளர்ப்புப் பிள்ளைகள் தொடர்பாக இறங்கியது. ஸைத் இப்னு முஹம்மத் என அழைக்கப்பட்டவர் அதன்பின் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். மனைவி தன்னை அடையாளங்காட்டக் கணவர் பெயரை உடன் சேர்ப்பது வம்சத்தை மாற்றுவதாகாது. ஆனால் தமிழகத்தில் திருமணத்திற்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்து நீங்கிக் கணவரின் தலைப்பெழுத்து அமைகிறது. அப்துர் ரஹ்மானின் மகள் அப்துல் கரீமை மணந்தால் இரண்டுமே 'அ'தான். பேரன் எதை யாருடையதெனக் கொள்வான்?

பாகப்பிரிவினையில் நேரும் இழப்பு

இது வெறும் வரலாற்று ஆர்வம் பற்றிய செய்தியன்று, உரிமை பற்றியது. பெற்றோரும் மனைவியும் முன்பே காலமாகிவிட்ட ஒருவர், இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். கடன், வஸிய்யத் போக மீதியில் மகன் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு. மகளுக்கு ஐந்தில் ஒன்று. சொத்தைப் பிரிக்குமுன் அம்மகளும் கணவரையும் ஒரு மகனையும் விட்டு இறந்துவிட்டால், அவள் பங்கில் கால் பாகம் கணவருக்கும் எஞ்சியது மகனுக்கும் சேரும். அதாவது மொத்தச் சொத்தில் இருபதில் ஒன்றும் இருபதில் மூன்றும். ஃபராயிழ் கலையில் இதனை 'முனாஸகா' என்பர். ஷஜராவில் 'ஒரு மகள்' என்று மட்டும் இருப்பின், மூன்று தலைமுறை கழித்துத் தோல் ஷாப்பின் நிலத்தைப் பிரிக்க அமர்வோர் அவள் வாரிசுகளை எங்கே தேடுவர்? அந்த ஐந்தில் ஒரு பங்கு ஓசையின்றி மற்றவரிடம் போய்விடும்.

தேடும் வழி

பள்ளிவாசல் நிகாஹ் பதிவேட்டில் மணமகள் தந்தை பெயரோடு குறிக்கப்படுகிறாள். மஹரும் சாட்சிகளின் பெயர்களும் உடனிருக்கும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் (2009) வருவதற்கு முந்திய நிகாஹ்களுக்குப் பெரும்பாலும் இதுவே முதன்மைச் சான்று. சார்பதிவாளர் அலுவலக விடுதலைப் பத்திரங்களிலோ அதே பெண் 'இன்னார் மனைவி' எனக் கணவர் பெயரோடு வருவாள். ஓர் ஆவணம் பிறந்த வீட்டின் பக்கமிருந்தும் மற்றொன்று புகுந்த வீட்டின் பக்கமிருந்தும் அவளைக் காண்கிறது. இரண்டையும் இணைத்தாலன்றி இருவரும் ஒருவரே எனத் துணிய இயலாது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளமையைத் தேடுவோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஆகவே ஷஜரா எழுதுவோர் ஒவ்வொரு பெண்ணுக்கும் இயற்பெயர், வீட்டில் அழைத்த பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், கணவர் பெயர், நிகாஹ் ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுக. மறுமணம் நிகழ்ந்திருப்பின் இரு கணவர் பெயர்களையும் வரிசையாகக் குறிக்க. பெயர் வெளியே பரவலாகாது எனக் கருதும் குடும்பத்தார் ஏட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுதாமல் விடுவது அதற்குத் தீர்வாகாது.

நம் மாணவர் இப்போது வாணியம்பாடிப் பள்ளிவாசல் ஒன்றின் பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் இதனை நினைவிலிருந்து சொல்லத்தக்க மூதாட்டி ஒருவர் இருப்பின், அவரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வல்ல நாயன் அருள்புரிவானாக.