அறையறையாக வளரும் வீடும் ஆலையில் பிறக்கும் சுவரும்

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கல்முனைக் கரையோரமாகத் தொடுத்துக் கிடக்கும் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வழக்கம் ஒன்றுதான். மகளுக்குக் கலியாணம் பேசும் நாளில் அவள் பெயரில் ஒரு வீடு நிற்க வேண்டும். அதனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே வளவுக்குள் அத்திவாரம் விழுந்துவிடும். வேளாண்மை நன்றாக விளைந்த ஆண்டில் சுவர் எழும்பும். கட்டாரிலிருந்து காசு வந்தால் கூரை ஏறும். பூச்சு வேலையும் தரையும் அதற்குப் பிறகு.

இந்த மெதுவான கணக்கை 2022 குலைத்துப்போட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அறிவித்தது. முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த சீமெந்து மூட்டை இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. ஆண்டு முடிவில், வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடனுக்கே வட்டி 27 சதவீதத்துக்கு மேல். அரைச்சுவரோடு வேலை நின்றுபோன குடும்பத்துக்கு, ஆலையில் செய்துவந்து பூட்டும் வீடு ஆசை காட்டுவது இயல்பு. அந்த ஆசையை விஞ்ஞானத்தோடும் இந்த மண்ணோடும் உரசிப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் இன்று கிடைக்கும் சுவர்ப் பலகைகளில் ஒருவகை, பொலிஸ்டைரீன் மணிகள் கலந்த இலேசான கொங்கிறீற்றை இரண்டு சீமெந்துத் தகடுகளுக்கு நடுவே ஊற்றிச் செய்யப்படுவது. இரண்டடி அகலம், எட்டடி உயரம், மூன்று அங்குலத் தடிப்புள்ள ஒரு பலகை ஏறக்குறைய 70 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கி நிறுத்தலாம். அதே பரப்பைச் சீமெந்துக் கல்லால் கட்டி இருபுறமும் பூசினால் 300 கிலோவைத் தாண்டும். சுவர் இலேசானால் அத்திவாரத்தின் சுமை குறையும்; வயல்காணி நிரப்பிக் கட்டும் இடங்களில் இது பெரிய நன்மை. பலகையின் முகம் நேராக இருப்பதால் பூச்சுச் செலவும் மிச்சம். வெக்கை மட்டும் முழுதாக விடாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் வெயில் பெரும்பாலும் கூரையில்தான் இறங்குகிறது. மேலே வெறும் தகரத்தைப் போட்டுவிட்டுச் சுவரை மட்டும் மாற்றினால் உள்ளே வேர்த்து ஒழுகத்தான் வேண்டும்.

முழு வீட்டையும் ஆலையிலிருந்து இறக்கும் யோசனை வடக்கு கிழக்குக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்தது. போரால் வீடிழந்தோருக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று அரசாங்கம் திட்டமிட்டு, ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தைத் தெரிவு செய்தது. 2016இல் அது பெரிய விவாதமானது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 2012 ஒக்டோபரில், இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு 5.5 இலட்சம் ரூபாயைக் கட்டங்கட்டமாகக் கொடுத்து, அவர்களையே கட்டவைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பணம் போதாமல் கடன்பட்டவர்கள் பலர் என்பதும் உண்மை. ஆனாலும் மேசனுக்கும் ஓடாவிக்கும் கல் அறுப்பவருக்கும் கூலி ஊருக்குள்ளேயே சுற்றியது. உருக்கு வீட்டில் அந்தச் சுற்று அறுந்துபோகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். விறகடுப்புக்கு அது தோதுப்படுமா, பின்னால் ஓர் அறை இறக்க முடியுமா, எத்தனை காலம் நிற்கும் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. 65,000 வீடுகள் என்ற திட்டம் அந்த உருவில் நிறைவேறவேயில்லை.

காரைதீவுக்கு இன்னொரு கேள்வி உண்டு: உப்புக்காற்று. உருக்குச் சட்டங்களுக்குப் பொதுவாகப் பூசப்படும் நாகப்பூச்சு, இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 275 கிராம், ஒரு பக்கத்தில் சுமார் 20 மைக்ரோன் தடிப்புத்தான். சர்வதேசத் தர அளவுகோலின்படி, உப்பேறிய கடுமையான கடலோரச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை அரிக்கப்படும். திறந்தபடி நிற்கும் உருக்கு அத்தகைய இடத்தில் இரண்டரை முதல் ஐந்து ஆண்டுக்குள் தன் கவசத்தை இழந்துவிடும். கடலிலிருந்து தள்ளி, உள்நாட்டில் அதே பூச்சுப் பல பத்தாண்டுகள் தாங்கும். ஒரே வீடு, ஒரே விலை. ஆயுள் மட்டும் வேறு.

காற்றையும் மறக்க முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். கனமான சுவர் தன் பாரத்தாலேயே கூரையைப் பிடித்து வைக்கும். சுவர் இலேசாக இருந்தால் கூரையிலிருந்து அத்திவாரம்வரை கம்பியால் இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். அத்திவாரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இதற்குப் போய்விடும்.

சரி, பொருளாதாரம் சரியும்போது ஆலை வீடு மலிவாகுமா? உலக அனுபவம் தலைகீழாக இருக்கிறது. மேசன் வேலையில்லாத மாதம் சாந்தகப்பையைக் கழுவி வைத்துவிட்டு வயலுக்குப் போகலாம். ஆலைக்கு அப்படி முடியாது. இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் வாங்கிய கடனின் வட்டி நிற்பதில்லை. ஓயாமல் கட்டளை வந்தால்தான் அதற்கு உயிர். அமெரிக்காவில் கோடிகோடியாக முதலீடு பெற்ற ஆலை வீட்டு நிறுவனமான கட்டெரா 2021இல் முறிந்தது. பிரித்தானியாவின் இல்கே ஹோம்ஸ் நிறுவனமும் 2023இல் விழுந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அதே பிரித்தானியாவில் 1,56,000க்கு மேற்பட்ட ஆலை வீடுகள் எழுந்தன என்றால், அரசே மொத்தமாகக் கட்டளை கொடுத்துப் பணம் போட்டதுதான் காரணம். கடனில் மூழ்கிய இலங்கைக்கு அந்த வசதி இல்லை. உருக்கும் பொலிஸ்டைரீன் மூலப்பொருளும் டொலர் கொடுத்து வாங்குபவை என்பதால், டொலர் தட்டுப்பட்டால் பலகையும் சீமெந்தோடு சேர்ந்தே விலையேறும்.

இங்கே பொருந்துவது முழு வீடல்ல, பகுதிகள். கிணற்றுக்குக் கொங்கிறீற் வளையம் இறக்குவதும் கொங்கிறீற் நிலை வாங்கிப் பொருத்துவதும் ஊருக்குப் பழகிய வேலைகள். அதே முறையில் தூண், வளை, சுவர்ப் பலகை எல்லாம் ஒரே அளவுத் திட்டத்தில் வந்தால், இந்த ஆண்டு ஓர் அறை, வரும் ஆண்டு இன்னொன்று என்று கட்டலாம். ஊரின் சின்னப் பட்டறையே வார்க்கலாம். சீதன வீட்டின் வேகத்துக்கு ஒத்துப்போகும் தொழில்நுட்பம் இதுதான். மக்கள் தாங்களே கட்டங்கட்டமாகக் கட்டுவது நாட்டுக்கும் புதிதல்ல. 1978இல் தொடங்கிய நூறாயிரம் வீட்டுத்திட்டத்தில் அரசு பல வீடுகளைத் தானே கட்டிப் பார்த்தது. செலவு தாங்காமல், 1984இல் வந்த பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில் சிறு கடன் கொடுத்து மக்களையே கட்டவைத்தது.

தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை இப்பகுதிகளுக்கு ஒரே அளவை வகுத்து, கட்டங்கட்டமான கடனை அதனோடு இணைக்க வேண்டும். அதுவரை பலகை வீடு வாங்க நினைப்பவர்கள், முற்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உருக்கின் நாகப்பூச்சு எத்தனை கிராம், கூரை எதனால் அத்திவாரத்தோடு கட்டப்படுகிறது, பின்னால் ஓர் அறை சேர்க்க எந்தச் சுவரைத் திறக்கலாம். இந்த மூன்றுக்கும் பதில் தராதவரிடம் மகளின் வீட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்.