தளம் போனால் சோற்றுக்கு வழி?

புக்கிட் மேராவில் அலெக்சாண்ட்ரா சாலையைவிட்டு மரநிழலில் சற்று உள்ளே நடந்தால் பழைய வெள்ளைக் கட்டடங்கள் தெரியும். 2012 முதல் கலைக்கூடங்கள் இயங்கும் இடம். 1936ல் பிரிட்டிஷ் ராணுவம் கட்டிய கில்மன் பேரக்ஸ் இதுதான். 1971 ஆகஸ்டில் வெள்ளைக்காரர்கள் இதைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தபோது வாங்கிய விலை ஒரே ஒரு வெள்ளி.

அந்நியப் படை எங்கள் மண்ணில் வேண்டாம் என்று ஜப்பானின் ஒகினாவா முதல் பல ஊர்களில் சமாதான இயக்கத்தினர் குரல் கொடுத்து வருகிறார்கள். தளம் இருக்கும் ஊரைத்தான் எதிரி முதலில் குறிவைப்பான் என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூரின் மூத்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 8 விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் தெங்கா, சிலேத்தார் விமானத் தளங்களைத் தேடி வந்தன. குண்டுகள் ராஃபிள்ஸ் பிளேஸிலும் விழுந்தன.

சரி, தளம் போய்விட்டால் அதை நம்பி வாழ்பவர் கதி? இயக்கத்தினர் பலர் இந்தக் கேள்வியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். சிங்கப்பூரால் அப்படித் தாண்ட முடியவில்லை.

1960களில் பாரிசான் சோசியாலிஸ் கட்சி பிரிட்டிஷ் தளங்களை எதிர்த்துப் பேசியது உண்மை. ஆனால் பிரிட்டன் கிளம்பியது அதற்காக அல்ல, கையில் காசில்லை. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்த பிரதமர் ஹெரல்ட் வில்சன், 1968 ஜனவரியில் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். அப்போது சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் சுமார் 20 விழுக்காடு தளங்களால் வந்தது. நேரடியாக 30,000 பேருக்கும், அதைச் சார்ந்து இன்னும் 40,000 பேருக்கும் அதுதான் பிழைப்பு.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். இன்று ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், தளத்துத் தொழிலாளர்கள் மரத்தடியில் கும்பிட்ட முருகனிலிருந்து வளர்ந்ததுதான். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள். வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இவர்களை மறந்துவிடுகிறோம்.

வெற்றியும் பொய்யல்ல. தளங்களை மாற்றியமைக்கத் தனித் துறையே அமைந்தது. 1968 டிசம்பரில் கடற்படையின் கப்பல் பட்டறை ஒரு வெள்ளிக்குக் கைமாறி, செம்பவாங் கப்பல் பட்டறையாக வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. தொழிலாளர்கள் பலர் அதே கருவிகளோடு அதே இடத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிலிப்பீன்ஸில் மக்கள் இயக்கமே தளத்தை வெளியேற்றியது. 1983ல் ஹோசே டியோக்னோ தொடங்கிய தள எதிர்ப்புக் கூட்டணி ஆண்டுக்கணக்கில் போராடியது. மறுபக்கம், வேலை போய்விடும் என்ற அச்சமும் பெரிதாக இருந்தது. அதிபர் கொராசோன் அகினோவே தளத்தை ஆதரித்து ஊர்வலம் போனார். 1991 செப்டம்பர் 16ல் செனட் சபை 12க்கு 11 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 93 வயது லொரென்சோ தன்யாடா அதைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். மறு ஆண்டு நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல் சூபிக் விரிகுடாவைவிட்டுக் கிளம்பியது.

கிளம்பிய கடற்படையின் தளவாடப் பிரிவு வந்து சேர்ந்த இடம் எது? நம் செம்பவாங். அமெரிக்கப் படைகள் இங்குள்ள வசதிகளைப் பயன்படுத்த 1990லேயே உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. இது தளமல்ல, வசதி மட்டுமே என்பது அதிகாரபூர்வ விளக்கம். சொல் மாறினாலும் சமாதான இயக்கத்தினரின் கேள்வி மாறவில்லை. ஓர் ஊரில் மூடிய கதவு பக்கத்து ஊரில் திறந்துகொண்டது. பிலிப்பீன்ஸும் 2014 உடன்பாட்டின் மூலம் அமெரிக்கப் படையினரைச் சுழற்சி முறையில் மீண்டும் அனுமதித்தது. சிங்கப்பூரின் உடன்பாடு 2019ல் புதுப்பிக்கப்பட்டது. அது 2035 வரை செல்லும்.